ஐஸ் கம்பெனிச் சுவரில் கன்னியம்மா

தனக்கு வந்த சாவு மாலையைத் தானே கை நீட்டி வாங்கும் கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்? காசிமேட்டு மீன்காரி கன்னியம்மாவுக்கு வாய்த்தது. அன்று வியாழக்கிழமை காலை. விடியுமுன் இருட்டோடு போய் ஏலத்தில் எடுத்து வந்த சங்கரா மீனைக் கூடையில் கொட்டிவிட்டு, வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். எண்ணூர்க் குப்பத்திலிருந்து அவளுடைய அண்ணி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு கையில் ரோஜா மாலை, மறு கையில் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை. தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கியவள், செத்தவள் டீ குடிப்பதைப் பார்த்துப் பாட்டின் நடுவில் நின்றுபோனாள்.

"இன்னாடி கன்னிம்மா, நீ குந்திகினு கீற?"

"பின்ன, டீய படுத்துகினா குடிப்பாங்க? மாலை யாருக்கு அண்ணி?"

"உனக்குத்தாண்டி! ஐஸ் கம்பெனி சுவத்துல இம்மாம் பெருசா உன் படத்த மாட்டிக்கீறாங்களே. எங்க ஊரு பசங்க நேத்து பாத்துட்டு வந்து சொன்னாங்க. உங்கண்ணன் அழுதுகினு கீறாரு, நீ இன்னான்னா டீ குடிக்கிற!"

வீட்டுக்குள் கேமரா பேட்டரியைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்த ரேகா வெளியே ஓடி வந்தாள். கன்னியம்மாவின் ஒரே மகள் அவள். அண்ணி சொன்னது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் படம் எடுக்கப்பட்டபோது கூடவே நின்றவள் அவள்தான்.

படத்தை எடுத்தவள் நீலா. அடையாறுக்காரி, பேர் பெற்ற புகைப்படக்காரி. நல்லவளும்கூட. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் தென்சென்னையிலிருந்து கேமராவோடு வந்தவள் என்றதும் நீங்களே அவளுக்குக் கொம்பு முளைக்க வைத்துவிடுவீர்கள். நகரத்தில் நடக்கும் கலைவிழா ஒன்றுக்காகத் துறைமுகத்து மனிதர்களைப் படமெடுக்க வந்தாள். இடம் காட்டவும் விளக்குப் பிடிக்கவும் உள்ளூர் ஆள் வேண்டும் என்றதும் ரேகாவைச் சேர்த்துக்கொண்டாள். வியாசர்பாடியிலிருந்து விம்கோ நகர் வரை காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, முதல் பிறந்தநாள் என்று ரேகா படமெடுக்காத வீடு குறைவு.

ரேகாவிடம் இருந்தது புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்கும் சின்ன மிரர்லெஸ் கேமரா. பெட்டியோடு வந்த லென்ஸ்தான் இன்றுவரை அதற்கு. வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளி தட்டும். வெயில் ஏறினால் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் மடிப்பே தெரியாது. நீலா வைத்திருந்ததோ விலை உயர்ந்த மீடியம் ஃபார்மட் கேமரா. அதன் ஒளி வாங்கும் சென்சார் ரேகாவுடையதைப் போல நாலு பங்கு. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ரேகாவின் படத்தில் கண்ணிமை ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். நீலாவின் படத்தில் இமை மயிர் தனித்தனியாக நிற்கும், அதில் ஒட்டிய மீன் செதில்கூடப் பளபளக்கும். முதல் முறை அதைக் கையில் வாங்கியபோது ரேகாவுக்குப் பொறாமையாக இருந்தது. அதற்கு வேறு நல்ல பெயர் வைப்பதில் அர்த்தமில்லை, பொறாமைதான்.

ஆனால் அந்தக் கேமராவுக்கு அவசரம் ஆகாது. முக்காலி, குடை, விளக்கு எல்லாம் வைத்துப் பூஜை போட்ட பிறகுதான் கண் திறக்கும். கன்னியம்மாவை உட்கார வைத்த அன்று நீலா தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுக்கச் சொன்னாள், பூ கண்ணை இழுக்கிறதாம். பொட்டு வியர்வையில் போயிருந்தது, அப்படியே இருக்கட்டும் என்றாள். "சிரிக்காதீங்கம்மா, என்னையே பாருங்க" என்றாள். வாழ்க்கையில் யார் பேச்சையும் கேட்காத கன்னியம்மா, மகளின் முதலாளி என்ற மரியாதைக்காக அன்று கேட்டுத் தொலைத்தாள். படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் "என்ன ஒரு கம்பீரம்" என்றார்கள். ரேகாவும் சொன்னாள்.

அந்தப் படம் புதன்கிழமை சாயங்காலம் மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே, மூடிக்கிடக்கும் ஐஸ் கம்பெனியின் சுவரில் மூன்று மாடி உயரத்துக்கு ஏறியது. படம் எடுக்கிறேன் என்று சொன்னவர்கள் சுவரில் ஏற்றப்போகிறோம் என்று மூச்சு விடவில்லை.

எங்கள் பக்கத்தில் சுவரேறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கட்சிப் பதவி எல்லாம் கலர். அங்கே கூலிங்கிளாஸ் இருக்கும், தங்கச் சங்கிலி இருக்கும், பின்னால் ஒரு சிங்கம்கூட நிற்கும். ஒரு முகம் மட்டும், கறுப்பு வெள்ளையில், சிரிப்பில்லாமல் ஏறினால் ஆள் போய்விட்டார் என்று பொருள். கீழே எழுத்தே வேண்டாம். வண்டியில் போகிறவன் வேகத்தைக் குறைத்து, நெஞ்சைத் தொட்டுவிட்டுப் போவான். இது கலைவிழாக்காரர்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை. ரேகாவுக்குத் தெரியும். படத்தின் அழகில் சொக்கிப்போய் நின்றதில், அது எங்கே ஏறும் என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"வுடு அண்ணி, எனக்கு நூறு வயசு" என்று சிரித்தாள் கன்னியம்மா. மாலையைக் கூடைமேல் வைத்தாள். அப்புறம்தான் அவள் முகம் மாறியது.

"ரேகா... நேத்து பொழுது சாய எந்தப் படகாவது கடலுக்குப் பூட்ச்சா?"

போயிருந்தது. அதில் போனவர்கள் ராத்திரியே ஜெகதீசன் இருந்த விசைப்படகைக் கடலில் கண்டு, துக்கம் கேட்டும் விட்டிருந்தார்கள். ஜெகதீசன் கன்னியம்மாவின் புருஷன். கடலுக்குப் போய் இரண்டு வாரமாகிறது, வெள்ளிக்கிழமை காலை கரைக்கு வர வேண்டியவன். போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவன், டாக்டர் பேச்சை மீறிக் கடலுக்குப் போகிறவன்.

தாயும் மகளும் படகு முதலாளி வீட்டு வயர்லெஸ்ஸுக்கு ஓடினார்கள். அவ்வளவு தூரத்துக்கு நேராகப் பேச முடியாது. நடுவில் இருக்கும் படகு ஒன்று கேட்டுச் சொல்ல வேண்டும். "கன்னியம்மா நல்லா கீறாங்கன்னு ஜெகதீசன் அண்ணங்கிட்ட சொல்லு" என்று சொல்லி அனுப்பினார்கள். அரை மணி கழித்துப் பதில் வந்தது.

"சொல்லிட்டேன். அப்பால அண்ணன் இன்னும் ஓன்னு அழுவுறாரு."

முதலாளி தலையில் கை வைத்தார். கன்னியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெகதீசன் இன்னும் அழுததற்குக் காரணம் எங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கும். கடலில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லை. துக்கத்தோடு வலை இழுத்தால் கை கால் போகும், சில நேரம் ஆளே போவான். அதனால் வீட்டில் யார் செத்தாலும் வயர்லெஸ்ஸில் ஒரே பேச்சுதான்: "எல்லாரும் நல்லா கீறாங்க, நீ பதட்டப்படாம வா." ஜெகதீசனே எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருப்பான்! இனி எத்தனை முறை சொன்னாலும் அவனைப் பொறுத்தவரை அது அவளை அத்தனை முறை புதைத்ததுதான். போனையும் அணைத்துவிட்டான் என்று படகிலிருந்து சொன்னார்கள். சோறு தொடவில்லை, படகின் முன்முனையில், அணியத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"நான் படகு கட்ற ஜெட்டில போயி நிக்கறேன்" என்றாள் கன்னியம்மா.

"நீ நிக்கறது அவ்ளோ தூரத்துலருந்து தெரியாதும்மா" என்றாள் ரேகா. துறைமுக வாயில் நுழைந்த பிறகும் கட்ட இடம் கிடைக்காமல் படகுகள் வரிசையில் கிடக்கும். அந்த நேரமெல்லாம் ஜெகதீசனுக்கு முன்னால் பூவும் பொட்டும் இல்லாத பெண்டாட்டி மூன்று மாடி உயரத்துக்கு நிற்பாள். "நைனாவுக்கு அங்கருந்து தெரியறது அந்த சுவரு ஒண்ணுதான்."

கலைவிழா அலுவலகம் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. நீலா கேட்டதும் பதறித்தான் போனாள். "ஐயோ, இப்படி ஆகும்னு நான் நினைக்கவே இல்லை, ரேகா" என்று நாலு முறை சொன்னாள். படத்தை இறக்க முடியுமா என்றால், நாளைக்குத் திறப்பு விழா, தூதரகத்து ஆட்கள் எல்லாம் வருகிறார்கள், தன் கையில் இல்லை என்றாள்.

"கீழ ஒரு போர்டு வைக்கலாம். இவங்க உயிரோட இருக்காங்கன்னு எழுதி."

"எழுதினா நைனா இன்னும் அழுவாரு மேடம்" என்றாள் ரேகா. "இறக்கினாலும் பத்தாது. அவருக்கு சேதி போயாச்சு. உயிரோட கீற அம்மாவ அவரு பாக்கணும், அங்கருந்து பாக்கணும். அதே சுவத்துல எம் படம் ஏறணும்."

தன் கேமராவைத் திறந்து காட்டினாள். அது நீலா எடுத்த அதே நாள், அதே வெளிச்சம். நீலா க்ளிக் செய்துவிட்டு லென்ஸைத் துடைக்கக் குனிந்த நேரத்தில், ஐஸ் வண்டிக்காரன் ஒருவன் கன்னியம்மாவின் கூடையை இடித்துவிட்டான். உட்காரவைத்த சிலை எழுந்துவிட்டது. மடியிலிருந்த கனகாம்பரத்தை அள்ளித் தலையில் சொருகிக்கொண்டே, ஒரு கையை ஓங்கி, வாயைத் திறந்து அவனுடைய ஏழு தலைமுறையை விசாரித்துக்கொண்டிருந்தாள். நீலாவுக்குப் பின்னாலிருந்து ரேகா அடித்த படம் அது.

நீலா அதைக் கணினியில் போட்டு இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தாள். நேர்மையான பெண், மழுப்பவில்லை.

"நெத்தி வெளுத்து ஹைலைட் போயிடுச்சு. கை ஆடி பிளர் ஆயிடுச்சு. புடவை ஓரத்துல கலர் ஒழுகுது. இதை மூணு மாடிக்குப் பெருசாக்கினா புள்ளி புள்ளியா உடைஞ்சுடும், ரேகா. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். எங்கம்மா கை நிக்கவே நிக்காது."

நீலா சிரிக்கவில்லை. தன் மீடியம் ஃபார்மட்டை எடுத்து ரேகாவின் மடியில் வைத்தாள். "இதுல நீங்களே எடுங்க. கலர்ல, பூவோட, உங்க இஷ்டப்படி. ஒரு வாரத்துல பிரிண்ட் வந்துடும். உங்க பேர்லயே மாட்டலாம். அடுத்த ப்ராஜெக்ட்லயும் நீங்க என்கூட வரணும்னுதான் நான் சொல்லி வச்சிருக்கேன். ஆனா அந்தச் சுவரை நீங்களா எதையாவது போட்டு மூடினா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கேமரா கைக்குழந்தைபோலக் கனத்தது. ரேகாவின் விரல் தானாகப் போய் ஷட்டரின் மேல் உட்கார்ந்தது. இதற்குத்தானே இத்தனை நாள் ஏங்கினாள்! காதுகுத்தில் கத்தும் குழந்தைகளுக்கு நடுவே நின்று எத்தனை முறை இதை நினைத்திருப்பாள்! வாயைத் திறந்து சரி என்று சொன்னால் போதும், இவளுடைய பெயரும் ஊரெல்லாம் போகும். ஒரு வாரம்தான். அந்த ஒரு வாரத்துக்கு நடுவில் நாளைக் காலை இருந்தது.

"நைனா ஒரு வாரம் கடல்ல நிக்க மாட்டாரு மேடம்" என்று கேமராவை மேசைமேல் பத்திரமாக வைத்தாள். வைத்துவிட்டு எழுந்தாள்.

"அது விழாவோட சுவர் ரேகா, யோசிங்க."

"மூஞ்சி எங்கம்மாவோடது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

வண்ணாரப்பேட்டையில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் சௌக்கத் அலி பாய் படத்தைத் திரையில் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நீலா சொன்ன குறைகளை ரேகா தானே எடுத்துச் சொன்னாள்.

"புள்ளியா? எனக்கு வர்றதெல்லாம் வாட்ஸ்அப்ல பத்து கை மாறித் தேஞ்சுபோன படம்மா. அத்தயே நாப்பது அடிக்கு இஸ்து வுட்டு கட்டிகினு கீறேன். ஒருத்தரும் ஏணி போட்டு ஏறிப் பாத்ததில்ல. கீழ இன்னா எழுதணும்? எப்பவும் ஏதாவது எழுதுவாங்களே."

"ஒன்னியும் எழுதாதீங்க பாய்" என்றாள் கூட வந்திருந்த கன்னியம்மா. "எழுத்துன்னா அந்த மனுசனுக்கு சந்தேகம் வந்துடும்."

வெள்ளிக்கிழமை விடியும்போது சுருட்டிய ஃபிளெக்ஸோடு ஐஸ் கம்பெனி வாசலில் நின்றார்கள். கூட மீன்காரிகள் ஒரு பட்டாளம், வலை பின்னும் ஆட்கள் நாலு பேர். காவலுக்கு இருந்த மணி, "பெர்மிஷன் இல்லாம பேனர் கட்டக் கூடாதுக்கா" என்றான்.

"எம் மூஞ்சிய அங்க மாட்ட எங்கிட்ட எவன்டா பெர்மிஷன் கேட்டான்?"

மணி கொஞ்சம் யோசித்தான். கேட்டைத் திறந்துவிட்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லிப் போய்விட்டான். வலைக்காரர்கள் மொட்டை மாடியில் ஏறிக் கயிற்றை வீசினார்கள். கம்பீரமான கன்னியம்மாவின் மேல் சண்டைக்காரி கன்னியம்மா மடிப்பு மடிப்பாக இறங்கினாள். முதலில் கனகாம்பரம், அப்புறம் நெற்றி, அப்புறம் அந்த வாய். கீழே நின்ற பெண்கள் விசிலடித்தார்கள். ரேகா சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். நீலா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. உள்ளங்கை அகலத்துக்கு வெறும் புள்ளிகள், முகமென்று ஒன்றும் இல்லை. சாலையைத் தாண்டி வந்து திரும்பினாள், சுவரிலிருந்து அம்மா அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

விழாக்காரர்கள் ஏணியோடு வந்தபோது ஏணி வைக்க இடமில்லை. சுவரை ஒட்டி வரிசையாகக் கூடைகள், கூடைக்குப் பின்னால் பெண்கள், சங்கரா, காரப்பொடி மீன் வியாபாரம் ஆரம்பித்துவிட்டிருந்தது. "வாங்கறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி நவுரு" என்றார்கள். ஏணிக்காரர்கள் நகர்ந்து நின்றார்கள்.

நீலா வந்து நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு ரேகாவின் பக்கத்தில் வந்தாள். கோபம் இருந்தது, அதைவிட வருத்தம் அதிகமாக இருந்தது.

"உண்மையைச் சொல்லுங்க ரேகா. இதுவா நல்ல படம்?"

"இல்ல மேடம். உங்களுதுதான் நல்ல படம்" என்றாள் ரேகா. சொல்ல வலித்தது, ஆனால் பொய் சொல்ல அவசியமில்லை. "எங்கம்மாவத் தெரியாத ஊர்ல கொண்டுபோயி மாட்டுங்க. கையெடுத்துக் கும்புடுவாங்க. இங்க நாங்க கீறோம்."

நீலா அடுத்த ப்ராஜெக்ட் பற்றிப் பேசவில்லை. ரேகாவும் கேட்கவில்லை.

வெயில் ஏறும் நேரத்தில் துறைமுக வாயில் ஜெகதீசனின் படகு தெரிந்தது. மற்றப் படகுகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. கன்னியம்மா ஜெட்டியின் நுனிக்குப் போய், முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரேகா தன் சின்ன கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். அந்த லென்ஸுக்கு அவ்வளவு தூரம் எட்டாது. அணியத்தில் துண்டு போர்த்திய ஓர் உருவம், அவ்வளவுதான் தெரிந்தது. அது தலையைத் தூக்கவே இல்லை. படகில் இருந்த யாரோ அதன் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கையைச் சுவர்ப்பக்கம் நீட்டினார்கள். உருவம் மெதுவாக எழுந்தது. துண்டு கீழே விழுந்தது. எழுந்தது அப்படியே நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ரேகா கேமராவை இறக்கினாள். தப்பு செய்துவிட்டோமோ, இன்னும் பெரிய அதிர்ச்சியைக் கொடுத்துவிட்டோமோ என்று பயந்தாள்.

கன்னியம்மாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அவசரத்தில் அவள் அழுத்தியது ஸ்பீக்கரில் போய்விட்டது. கடல் காற்றும் எஞ்சின் சத்தமும் கேட்டன. அப்புறம் அழுது அழுது கட்டிப்போன ஒரு தொண்டை.

"ஏய் கன்னிம்மா... யாராண்டடி அங்க சண்ட போட்டுகினு கீற?"

கன்னியம்மாவுக்குக் கண்ணில் நீர் தாரை தாரையாக வழிந்தது. அதைத் துடைக்காமலே இடுப்பில் கை வைத்து, சுவரில் இருப்பவளைவிடப் பெரிதாக வாயைத் திறந்தாள்.

"உங்கிட்டத்தான்யா! எவனோ சொன்னான்னு என்னிய சாவடிச்சிட்டு அழுதுகினு குந்திகினியே, சோறு துன்னியா நீ? வா கரைக்கு, உனக்கு வச்சிக்கீறேன்!"